'அண்ட்' படுத்தும் பாடு!

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறாள். வயது எழுபதுக்கு மேல். முதியோர் பணம் வாங்குவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சுவரில் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தது.

"ஆதார் அட்டை, ரேஷன் அட்டை மற்றும் வாக்காளர் அட்டை கொண்டுவரவும்."

பாட்டியிடம் இரண்டு அட்டை இருந்தது. வாக்காளர் அட்டை இல்லை. எங்கேயோ தொலைந்துவிட்டது.

"மூன்றும் வேண்டும், பாட்டி" என்றார் அங்கே இருந்தவர். பாட்டி திரும்பி வந்துவிட்டாள்.

மறுவாரம் மறுபடியும் போனாள். அன்று வேறொருவர் இருந்தார். "மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதுமே! போன வாரமே வந்திருக்கலாமே!" என்றார் அவர்.

பாட்டிக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. "நோட்டீசு ஒன்றுதானே தம்பி? அது எப்படி ஒருவருக்கு மூன்றாகவும் ஒருவருக்கு ஒன்றாகவும் தெரிகிறது?" என்று என்னிடம் கேட்டாள்.

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. தகராறு அட்டையில் இல்லை. "மற்றும்" என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் அங்கே எப்படி வந்தது? இங்கிலீஷில் "அண்ட்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு "மற்றும்" என்று தமிழ் செய்து ஒட்டிவிட்டார்கள். "கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று" என்று மேலே இருந்திருக்கவேண்டிய வரியைக் காணோம். "மற்றும்" மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

மூன்றெழுத்துச் சொல்

"அண்ட்" என்பது இங்கிலீஷில் மூன்றே எழுத்து. அந்த மொழியில் மிக அதிகமாக வரும் சொற்களில் அதுவும் ஒன்று. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அது இருக்கும். குழந்தைகள் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கியதும் முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொள்கிறார்கள். "அண்ட் என்றால் மற்றும்" என்று வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை!

அந்தச் சொல் செய்யும் வேலை பல. "பிரட் அண்ட் பட்டர்" என்றால் ரொட்டியும் வெண்ணெயும். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே பண்டமாகக் கருதி ஒருமையில் பேசுவார்கள். நாம் "இட்லி சாம்பார்" என்று சொல்லுகிறோம் அல்லவா, அதுபோல.

"அவள் கலியாணம் செய்துகொண்டாள் அண்ட் குழந்தை பெற்றாள்" என்றால், முதலில் கலியாணம், பிறகு குழந்தை. மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? சொல் அதேதான். முன்னே எது, பின்னே எது என்பதையும் அந்த "அண்ட்" காட்டிவிடுகிறது.

"அவன் விழுந்தான் அண்ட் காலை ஒடித்துக்கொண்டான்" என்றால், விழுந்ததனால் கால் ஒடிந்தது. இங்கே அது காரணம் சொல்லுகிறது.

"இன்னும் ஓர் அடி எடுத்து வை அண்ட் சுடுவேன்!" என்று சினிமாவில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறான். இங்கே "மற்றும்" என்று போட்டால் சிரிப்பு வரும். "எடுத்து வைத்தால் சுடுவேன்" என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு "ஆல்" என்ற பொருளே இருந்தது. "அது நடந்தால்" என்பதற்கும் இந்தச் சொல்லையே போட்டார்கள்.

"கம் அண்ட் ஸீ" என்றால் "வா மற்றும் பார்" அல்ல. "வந்து பார்." அவ்வளவுதான்.

பார்த்தீர்களா? ஒரு "அண்ட்"டுக்குத் தமிழில் எத்தனை மாற்று! ஓர் இடத்தில் "உம்". ஓர் இடத்தில் "வந்து", "விழுந்து" என்ற எச்சம். ஓர் இடத்தில் "ஆல்". "அப்பா அம்மா", "இரவு பகல்" என்னும்போது ஒன்றுமே வேண்டாம். எல்லா இடத்திலும் "மற்றும்" போடுகிறவர் தமிழும் படிக்கவில்லை, இங்கிலீஷும் படிக்கவில்லை என்பேன். இது என் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கென்று இங்கிலீஷில் ஒரு தனிக் குறியும் உண்டு. கடைப் பலகைகளில் இரண்டு பேர்களுக்கு நடுவே, முறுக்குப் பிழிந்ததுபோல் ஒரு குறி இருக்குமே, அதுதான். இலத்தீன் மொழியில் "எட்" என்றால் "அண்ட்". அந்த "எட்" என்பதன் இரண்டு எழுத்தையும் சேர்த்து வேகமாக எழுதியதில் பிறந்தது இந்த முறுக்கு. முன்காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் 26 எழுத்தையும் சொல்லிவிட்டு, கடைசியில் இதையும் ஒப்பிப்பார்கள். "அண்ட் பெர் ஸே அண்ட்" என்று ராகம் போடுவார்கள். "தனியாக நின்றாலே அண்ட்" என்று அதற்குப் பொருள். பிள்ளைகள் வாயில் அது தேய்ந்து "ஆம்பர்சாண்ட்" ஆயிற்று. இன்றைக்கும் அந்தக் குறிக்கு அதுவே பேர்.

"அண்ட் போட்டு ஒரு வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது" என்று அடித்துச் சொல்லும் வாத்தியார்கள் உண்டு. நானும் அடி வாங்கியவன்தான். 1611-ல் வெளிவந்த இங்கிலீஷ் பைபிளின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வசனங்கள் "அண்ட்" என்றுதான் தொடங்குகின்றன. அந்தப் பைபிளைச் செய்த பண்டிதர்களை எந்த வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றுவார்?

இதெல்லாம் பள்ளிக்கூடச் சங்கதி. தப்பானால் ஒரு மார்க்கு போகும். சொத்தும் சிறையும் இந்தச் சொல்லில் தொங்கிய கதை இரண்டு இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

உயில் எழுதிய கனவான்

இங்கிலாந்தில் கேலப் டிப்ளாக் என்று ஒரு பணக்காரர். 1919-ல் உயில் எழுதினார். 1936-ல் இறந்துபோனார். மீதியிருந்த சொத்து இரண்டு லட்சம் பவுனுக்கு மேல். அந்தக் காலத்தில் அது மலைபோன்ற பணம்.

"என் பணத்தைத் தருமக் காரியத்துக்கு அல்லது நல்ல காரியத்துக்குக் கொடுங்கள். எதற்கு என்பதை உயிலை நிறைவேற்றுகிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்பது உயிலின் கருத்து. நிறைவேற்றுகிறவர்களும் நாணயமாக நடந்தார்கள். 139 நிலையங்களுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஆசுபத்திரிகள் பல. நோயாளிகளுக்குக் கட்டில் வந்தது. மருந்து வந்தது.

பிறகு சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். "இந்த உயில் செல்லாது!" என்றார்கள்.

ஏன் செல்லாது? "அல்லது" என்ற சொல்லால்!

இங்கிலாந்துச் சட்டத்தில் "தருமம்" என்பதற்கு வரம்பு உண்டு. இன்ன இன்ன காரியம் தருமம் என்று கோர்ட்டு சொல்லிவிடும். "நல்ல காரியம்" என்பதற்கு வரம்பு இல்லை. எனக்கு நல்லது என்று பட்டது உங்களுக்குப் படாது. "தருமமும் நல்லதுமான காரியம்" என்று, அதாவது "அண்ட்" போட்டு எழுதியிருந்தால் தொல்லை இல்லை. இரண்டும் பொருந்தவேண்டும். ஆகவே தருமமாக இருந்தே தீரவேண்டும். வரம்பு வந்துவிடுகிறது. உயில் நிற்கும். "அல்லது" என்று எழுதியதால் கதவு திறந்துவிட்டது. தருமமே இல்லாத, ஆனால் யாரோ ஒருவர் நல்லது என்று நினைக்கிற காரியத்துக்கும் பணம் போகலாம். யாருக்கு என்று தெரியாத தானம் செல்லாது என்பது சட்டம்.

1944-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று. அந்தப் பகுதி செல்லாது! பணம் சொந்தக்காரர்களுக்கு!

கொடுத்த பணம் என்ன ஆவது? ஆசுபத்திரி வாங்கிச் செலவும் செய்துவிட்டதே! அதற்கும் வழக்கு நடந்தது. 1951 வரை இழுத்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிந்தது.

செத்துப்போன டிப்ளாக் என்ன நினைத்தார்? ஏழை எளியவர்களுக்கு உதவவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். அந்த நினைப்பை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. "அண்ட்" இருக்கவேண்டிய இடத்தில் "ஆர்" இருந்தது. அவ்வளவே.

அமெரிக்கச் சிறை

இது சமீபத்தில் நடந்தது. 2024-ம் ஆண்டு. அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு.

அந்த நாட்டில் போதை மருந்து விற்றால், இத்தனை ஆண்டுக்குக் குறையாமல் சிறை என்று சட்டம் இருக்கிறது. நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. ஆனால் ஒரு சிறு வழி வைத்திருக்கிறார்கள். குக்கரில் இருக்கிறதே "சேப்டி வால்வு", அந்தப் பேரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். பெரிய குற்றப் பழக்கம் இல்லாதவன் என்றால், அந்த வழியாக நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். 2018-ல் இந்த வழியைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள். அப்போதுதான் "அண்ட்" உள்ளே நுழைந்தது.

பழைய குற்றத்துக்கு மார்க்குப் போடுவது அங்கே வழக்கம். புதிய சட்டம் சொல்லியது இது: குற்றவாளிக்கு (அ) நாலு மார்க்குக்கு மேல், (ஆ) மூன்று மார்க்குக் குற்றம், "அண்ட்" (இ) இரண்டு மார்க்கு அடிதடிக் குற்றம் இருக்கக்கூடாது. (ஒரு மார்க்குக் குற்றங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.)

ஒருவர் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குச் சட்டப்படி குறைந்தது 15 ஆண்டுச் சிறை. பழைய கணக்கில் மூன்று மார்க்குக் குற்றம் இரண்டு இருந்தது. ஆகவே (அ) இருக்கிறது. (ஆ) இருக்கிறது. (இ) இல்லை. அடிதடிக் குற்றம் செய்தவர் அல்ல.

"அண்ட் என்றுதானே போட்டிருக்கிறது? மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் கதவு அடைக்கும். என்னிடம் மூன்றாவது இல்லை. எனக்குக் கதவைத் திறவுங்கள்" என்றார் அவர்.

"இல்லை. மூன்றில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் பொருள்" என்றது சர்க்கார்.

கீழ்க்கோர்ட்டுகள் இரண்டாகப் பிரிந்தன. சில கோர்ட்டு அப்படிச் சொல்லிற்று. சில கோர்ட்டு இப்படிச் சொல்லிற்று. சுப்ரீம் கோர்ட்டிலும் ஒன்பது நீதிபதிகள் ஒரே கருத்தாக இல்லை. ஆறு பேர் ஒரு பக்கம். மூன்று பேர் ஒரு பக்கம். சர்க்காருக்கே வெற்றி.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் எலினா கேகன் என்ற பெண் நீதிபதி. இலக்கணத்தால் மட்டும் இதற்கு முடிவு காண முடியாது, இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு கணக்குப் போட்டார். மூன்று மார்க்குக் குற்றமும் இரண்டு மார்க்குக் குற்றமும் ஒருவனிடம் இருந்தால், மொத்தம் ஐந்து. ஐந்து என்பது நாலுக்கு மேல். அப்படியானால் (ஆ)வும் (இ)யும் இருக்கிறவனிடம் (அ) தானாகவே இருக்கும். மூன்றும் சேரவேண்டும் என்றால், (அ) என்று ஒரு வரியைத் தனியாக எழுதியது எதற்கு? வீண் அல்லவா? சட்டம் செய்தவர்கள் வீணாக ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். ஆகையால் ஒவ்வொன்றும் தனித்தனித் தடை.

இது அவர் கணக்கு. கணக்கு சரிதான். மறுக்க முடியாது.

ஆனாலும் மறுபக்கம் நின்ற மூவரின் பேச்சே என் மனத்தில் தைக்கிறது. அவர்கள் சார்பில் நீல் கோர்சச் என்ற நீதிபதி எழுதினார். இந்தத் தீர்ப்பினால் ஆயிரக்கணக்கான பேருக்கு, தண்டனை குறையுமா என்று பார்க்கும் வாய்ப்புக்கூட இல்லாமல் போகும் என்று அவர் வருத்தப்பட்டார். படித்துப் பட்டம் வாங்கிய ஒன்பது பேருக்கே ஒரு "அண்ட்" இரண்டாகத் தெரிகிறது. எழுதியவன் செய்த குழப்பத்துக்குச் சிறைக்குள் இருக்கிறவனா கூலி கொடுப்பது? சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுக்கவேண்டும் என்று எல்லாக் கோர்ட்டுகளும் சொல்லுகின்றனவே, அது இந்தச் சொல்லுக்கு மட்டும் கிடையாதா?

"இல்லை" வந்தால் தொல்லை

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் படியுங்கள். "அண்ட்" தனியாக இருந்தால் சாது. "இல்லை", "கூடாது" என்ற சொல் பக்கத்தில் வந்தால்தான் பேயாட்டம் ஆடுகிறது.

"டோன்ட் டிரிங்க் அண்ட் டிரைவ்" என்று சாலைகளில் எழுதிவைக்கிறார்கள். எழுத்துப்படி பார்த்தால் "குடிக்காதே அண்ட் ஓட்டாதே." குடிக்கவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது என்றா பொருள்? அப்படியானால் பால் குடித்துவிட்டு ஓட்டுகிற பால்காரனும் குற்றவாளி! இரண்டையும் சேர்த்துச் செய்யாதே என்பதுதான் பொருள். இது சிறைக்குப் போனவர் பக்கம் பேசுகிறது.

ஆனால் ஆபரேசனுக்கு முன் டாக்டர், "சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது அண்ட் சுருட்டுப் பிடிக்கக்கூடாது" என்கிறார். "மூன்றையும் சேர்த்துத்தானே கூடாது என்றார்? சாப்பாடு மட்டும் சாப்பிட்டேன்" என்று சொன்னால் டாக்டர் விரட்டிவிடுவார். இது சர்க்கார் பக்கம் பேசுகிறது.

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. "குடித்துவிட்டு ஓட்டாதே" என்றால் ஒரு பொருள். "குடிக்கவும் குடிக்காதே, ஓட்டவும் ஓட்டாதே" என்றால் வேறு பொருள். எழுத்து வாசனை இல்லாத வண்டிக்காரரும் இரண்டையும் பிரித்துப் பேசுவார். இங்கிலீஷில் ஒரே அச்சில் வார்ப்பதை நாம் இரண்டு அச்சில் வார்க்கிறோம்.

அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. "எல்லாரும் வரவில்லை" என்றால் என்ன? ஒருவரும் வரவில்லையா? சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லையா? கலியாண வீட்டில் சமையற்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உலை வைப்பதா வேண்டாமா என்று திகைத்து நிற்பார். நம் "உம்" இப்படி இரண்டு பொருள் தரும் என்பதை 13-ம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் கண்டு, நன்னூலில் அதற்கு ஒரு சூத்திரமும் செய்துவிட்டார். "எல்லாம்" என்று முழுமையைக் காட்டவேண்டிய "உம்", சில இடத்தில் "மிச்சம் உண்டு" என்றும் காட்டும் என்பது அவர் சொன்ன விதி. அமெரிக்காவில் 2024-ல் நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டது இதே சங்கதிதான்!

நம் நாட்டுக் கோர்ட்டுக்கும் இந்தத் தலைவலி வந்தது. 1968-ல் நமது சுப்ரீம் கோர்ட்டு, மருந்துச் சட்டத்தில் இருந்த ஓர் "அண்ட்"டை "ஆர்" என்று வைத்துப் படிக்கவேண்டும் என்றது. அப்படிப் படித்தால்தான் அந்தச் சட்டத்துக்குப் பொருள் இருந்தது.

இந்தக் குழப்பம் போதாது என்று, "அண்ட்"டையும் "ஆர்"ரையும் நடுவே ஒரு கோடு போட்டுச் சேர்த்து எழுதுகிறார்கள் வக்கீல்கள். "மற்றும்/அல்லது" என்று அது நம் பத்திரங்களிலும் வந்துவிட்டது. 1935-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்துக் கோர்ட்டு இதை இரண்டு முகம் கொண்ட பூதம் என்று திட்டிற்று. பூதம் சாகவில்லை.

வீட்டுக்கு வரும் "அண்ட்"

கோர்ட்டும் உயிலும் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? பாங்கிக்குப் போகிறீர்கள். கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும் கணக்கு. பாரத்தில் "ஐதர் ஆர் சர்வைவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். இருவரில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டாலே பணம் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம். "ஜாயின்ட்லி" என்று இன்னொரு கட்டம். அதில் குறி போட்டால் இருவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடவேண்டும். அது "அண்ட்" கட்டம். முதலாவது "ஆர்" கட்டம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள். கணவர் ஓய்வுபெற்றவர். கணக்குத் தொடங்கியபோது யாரோ குறி போட்டுக்கொடுத்த பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. பணம் அவர்களுடையது. பாஸ் புத்தகம் கையில் இருக்கிறது. மருந்துக்கு எடுக்க முடியவில்லை! "இருவர் கையெழுத்தும் வேண்டும், அம்மா" என்றார்கள். கைநாட்டு, சாட்சி, டாக்டர் கடிதம் என்று அலைந்து பணம் கைக்கு வருவதற்குள், அந்த அம்மாள் காதில் கிடந்த கம்மல் அடகுக்கடைக்குப் போய்விட்டது.

ஆகவே வீட்டில் யாராவது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் இதைச் செய்யுங்கள். பாரமோ, பத்திரமோ, வேலை விளம்பரமோ வந்தால், "மற்றும்" எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, "எல்லாம் வேண்டுமா, ஒன்று போதுமா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளே கேட்டிருக்கிறார்கள்!

நோட்டீசு எழுதுகிற அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "மூன்றும் வேண்டும்" என்றோ, "மூன்றில் ஒன்று போதும்" என்றோ எழுதுவதற்கு எத்தனை மை செலவாகும்? "மற்றும்" என்று அச்சடிக்கிற மையே அதற்குப் போதும்.

போன வாரம் அந்த அலுவலகப் பக்கம் போயிருந்தேன். அதே நோட்டீசு அதே சுவரில் இருந்தது. ஆனால் யாரோ பேனாவால் "மற்றும்" என்பதை அடித்து, மேலே "அல்லது" என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில், சிவப்பு மையில், "நிசமா?" என்று இருந்தது.